கிசுகிசுத் தட்டும் என் கல்யாணப் பேச்சும்

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். பார்த்துவிட்டு மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுகிறார்களே, அதுதான் அசல் பெண் பார்த்தல். "கலந்து பேசிட்டு வாரோம்" என்று ஒரு பெரியவர் எழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் அவர் பின்னாலேயே வேப்பமரத்தடிக்கோ, வேன் நிற்கிற இடத்துக்கோ போய்விடும். அங்கே என்ன பேசினார்கள் என்பது பெண் வீட்டாருக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமல் இருப்பதால்தான் நம் பக்கத்தில் இத்தனை கல்யாணங்கள் நடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். (என் விஷயத்தில் தெரிந்து தொலைத்தது. அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.)

நான் ராஜபாளையத்தில் ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாக இருக்கிறேன். அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிக் குடுவைக்குள் செத்த பல்லியை ஊறுகாய் போட்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி இடம் இல்லை. இங்கே எல்லாவற்றையும் தொடலாம், இழுக்கலாம், மிதிக்கலாம், ஏறி உட்காரலாம். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்களைத்தான் எங்களுக்குப் பிடிக்காது.

முன்பு இது ஒரு பஞ்சு குடோன். அதன் சொந்தக்காரர் ஒரு பஞ்சாலை முதலாளி. வயதான காலத்தில் மகள் வீட்டுக்கு வெளிநாடு போனவரை, பேத்தி ஓர் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப்போனாளாம். மனுஷன் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டே நடந்திருக்கிறார். "தொடுங்க தாத்தா, யாரும் திட்ட மாட்டாங்க" என்று பேத்தி கையைப் பிரித்துவிட்டிருக்கிறாள். ஆயுசு முழுக்கத் தன் ஆலையில் 'தொடாதே' என்று எழுதிவைத்த மனிதருக்கு அது எங்கேயோ உறைத்துவிட்டது. ஊர் திரும்பியதும் குடோனைக் காலி செய்தார். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரைப் பிடித்து இயக்குநர் நாற்காலியில் உட்காரவைத்தார். ஆலையின் பழைய ஃபிட்டர்களைக் கூப்பிட்டு, படம் போட்டுக் கொடுத்து, பாதிச் சாமான்களை இங்கேயே செய்யவைத்தார். போர்டு எழுத வந்தவர் மட்டும் சொதப்பிவிட்டார். காலமெல்லாம் அந்த ஆலைக்கே எழுதிப் பழகிய கை, எல்லாப் போர்டுகளிலும் 'தொடாதீர்கள்' என்றே எழுதிவிட்டுப் போய்விட்டது. அதை அழித்து 'தொடுங்கள்' என்று மாற்றினார்கள். மழைக்காலத்தில் இன்றைக்கும் பழைய எழுத்து லேசாகத் தெரியும்.

தொடச் சொன்னாலும் நம் ஜனங்களுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. உள்ளே மின்னல் ஓடும் கண்ணாடி உருண்டையைத் தொட்டுவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நாணயத்தை உருட்டிவிட்டால் சுற்றிச் சுற்றிக் குழிக்குள் இறங்கும் பெரிய புனல் ஒன்று உண்டு. கோள்கள் சூரியனை எப்படிச் சுற்றுகின்றன என்று காட்டுவதற்காக வைத்தது. அதில் வேண்டிக்கொண்டு காசு போடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு அக்கா மஞ்சள் துணியில் முடிந்த காசைப் போட்டு, புனலே அடைத்துக்கொண்டது.

இந்த வேலை எனக்கு உயிர். தலைமுடியைச் சிலிர்க்கவைக்கும் இரும்பு உருண்டைமேல் கை வைத்ததும் பிள்ளைகள் "ஏ!" என்று கத்துவார்கள் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காக நான் சம்பளமில்லாமல்கூட வருவேன். (இயக்குநர் சார் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.)

இந்த வேலையால்தான் எனக்குக் கல்யாணமும் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு வரன்கள் வந்திருந்தன. இரண்டையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில்தான் வைத்தார்கள். இரு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதுபோல் நடிப்போம் அல்லவா, அந்த வழக்கம்தான். நான் சுற்றி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும். "கல்யாணத்துக்குப் பொறவு வேலைய விட்டுருவேல்லா?" நான் "மாட்டேன்" என்பேன். முதல் வரன் பிரகாரத்திலேயே திரும்பிக்கொண்டது. இரண்டாவது வரன் பிரசாதம் வாங்கும்வரை பொறுத்திருந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் மாரிச்செல்வம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். வீட்டார் சம்மதத்தோடு போனில் பேசினோம். எல்லா மாப்பிள்ளைகளும் என்ன பிடிக்கும், என்ன சமைப்பே என்று கேட்பார்கள் அல்லவா? இவர், "அந்த முடி சிலிர்க்கிற உருண்டைக்குள்ள பெல்ட்டு ஓடுமாமே, ரப்பரா பட்டுத் துணியா?" என்று கேட்டார். நான் அரைமணி நேரம் விளக்கினேன். போனை வைக்கவில்லை மனுஷன்! கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன். ஆனால் வேலையையும் விடுவதாக இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

அதனால் ஒரு யோசனை செய்தேன். யோசனை செய்யும்போதெல்லாம் எனக்கு நான் பெரிய விஞ்ஞானி என்று ஒரு நினைப்பு.

"அப்பா, கோயில்ல வேண்டாம். நான் என்ன வேலை பாக்கேன்னு அவியளுக்குத் தெரிஞ்சாத்தானே விடச் சொல்ல மாட்டாவ? எங்க மியூசியத்துல வச்சுப் பாக்கட்டும்."

அப்பா ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். நிதானமாகக் கேட்டார். "பொண்ணு பாக்க வாரவியளை டிக்கெட் எடுத்துட்டு வரச் சொல்லுதியா?"

அப்பாவின் தங்கை குருவம்மா அத்தை என் கல்யாண விஷயத்தில் பிரதம மந்திரி. அவளுக்கு வேறு கவலை. "அங்க குட்டையா நெட்டையாக் காட்டுற கண்ணாடியெல்லாம் கெடக்கே. ஏட்டி, உன்னைய அதுல பாத்துட்டு ஓடிட்டான்னா?"

நான் விடவில்லை. சாப்பிடாமல் கிடந்தேன். (மதியம் கேண்டீனில் சாப்பிட்டுவிடுவேன், அது அவர்களுக்குத் தெரியாது.) கடைசியில் அப்பா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. "வேலையப் பத்திக் கேட்டா நீ வாயத் தொறக்கக் கூடாது. நாங்க பேசிக்கிடுதோம்." நானும் சரி என்று தலையாட்டினேன்.

இயக்குநர் சாருக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை காலை, கதவு திறப்பதற்கு முன்னால் வரச் சொன்னார். "கூட்டம் இருக்காது. சத்தம் இருக்காது. எல்லாம் நல்லா வேலை செய்யும்" என்றார். எவ்வளவு சத்தியமான வாக்கு!

அன்று காலை எனக்கும் அம்மாவுக்கும் முதல் சண்டை என் நீலக் கோட்டுக்காக. வழிகாட்டி என்றால் நீலக் கோட்டு போட வேண்டும் என்பது என் கட்சி. பட்டுச்சேலைமேல் கோட்டு போட்டால் கம்பவுண்டர் மாதிரி இருக்கும் என்பது அம்மாவின் கட்சி. கடைசியில் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கழுத்தில் நெக்லஸுக்குமேல் அடையாள அட்டை என்று சமரசம் ஆனது. கண்ணாடியில் பார்த்தேன். யாரோ என்னைக் கண்காட்சிக்கு வைத்து நம்பர் போட்டது மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாரிச்செல்வம், அவருடைய அம்மா, இரண்டு பெரியம்மாக்கள், எல்லோருக்கும் முன்னால் தாய்மாமா பால்பாண்டி. மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, அதைவிட விறைப்பான மீசை. அப்பா இல்லாத மாப்பிள்ளைக்கு அவர்தான் எல்லாம். இறங்கியதும் போர்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கோயில்ல வச்சிருக்கலாம்லா?" என்றார். பெரியம்மா ஒருத்தி பால்கோவாப் பெட்டியை அம்மா கையில் கொடுத்தாள்.

நான் சுற்றிக் காட்டத் தொடங்கினேன். பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரலில், "வணக்கம், நம்ம அறிவியல் உலகத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்ததும் அத்தை இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஆனால் போகப்போக நன்றாகத்தான் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா ஒல்லியாகக் காட்டும் கண்ணாடிக்கு முன்னால் நின்றவர் நகர மறுத்தார். "இது எங்க கெடைக்கும்?" என்று விசாரித்தார். நாமே கயிற்றை இழுத்து நம்மையே தூக்கிக்கொள்ளும் கப்பி நாற்காலியில் மாமா ஏறி உட்கார்ந்து, ஒரு பனை உயரம் போனதுபோல் எங்களைக் கீழே பார்த்தார். (தரையிலிருந்து முழங்கால் உயரம்தான் போயிருந்தார்.) மாரிச்செல்வம் இரும்பு உருண்டைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ரப்பர்தான்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். எனக்கு உருண்டையைத் தொடாமலே சிலிர்த்தது.

கடைசியாகக் காட்டலாம் என்று ஒன்றை நிறுத்தி வைத்திருந்தேன். அதுதான் கிசுகிசுத் தட்டு. ஹாலின் கிழக்குச் சுவரில் ஒன்று, மேற்குச் சுவரில் ஒன்று என்று ஆள் உயரத்துக்குமேல் இரண்டு ராட்சதத் தட்டுகள், உள்பக்கம் குழிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து தட்டைப் பார்த்து மெதுவாகப் பேசினால், அந்தக் குழிவு சத்தத்தைச் சிதறவிடாமல் எதிர்த் தட்டுக்கு அனுப்பும். எதிர்த் தட்டு அதை ஒரே இடத்தில் குவித்து, அங்கே பெஞ்சின் நடுவில் இருப்பவர் காதில் போடும். இடையில் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. தினமும் பிள்ளைகள் போடுகிற கூச்சலில் இரண்டு பக்கமும் கத்தித்தான் பேசுவார்கள். அமைதியான ஹாலில் அது எப்படி வேலை செய்யும் என்று எனக்கே அன்றுவரை தெரியாது.

காட்டுவதற்குள் கேண்டீனிலிருந்து காபியும் உளுந்தவடையும் வந்துவிட்டன. நான் காபித் தட்டை ஏந்தி, தலையைக் குனிந்து, எல்லோருக்கும் கொடுத்தேன். சம்பிரதாயம் முடிந்தது. மாமா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கலந்து பேசிட்டு வாரோம்."

வெளியே போகலாம் என்று வாசல்வரை போனார்கள். அங்கே வாட்ச்மேனின் நாய் படுத்திருந்தது. ராஜபாளையம் நாய் சும்மா எழுந்து நின்றாலே போதும். எழுந்து நின்றது. மொத்தக் கூட்டமும் உள்ளே திரும்பிவிட்டது. எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், மேற்குச் சுவர்ப் பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளையை நடுவில் உட்காரவைத்தார்கள்.

"நாம மட்டும் சும்மா நிக்கதா? நாமளும் கலந்து பேசுவோம்" என்றாள் அத்தை. அவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் எங்களை இழுத்துக்கொண்டு போனாள். கிழக்குச் சுவர், பெஞ்சு, நடுவில் நான். ரகசியம் என்றால் நம் ஜனங்கள் மூலைக்குத்தான் போவார்கள், முதுகைத்தான் காட்டுவார்கள், காதில்தான் சொல்வார்கள். கிசுகிசுத் தட்டைக் கண்டுபிடித்தவன் நம் ஊரில் பெண் பார்த்திருப்பானோ என்னவோ.

உட்கார்ந்ததும் என் காதுக்குள் யாரோ பேசினார்கள்.

"பிள்ள லட்சணமாத்தான் இருக்கா. ஆனா மூச்சு விடாமப் பேசுதாளே."

மாப்பிள்ளையின் அம்மா! பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு. நான் திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு வடைத் துணுக்கைப் பல்லிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அது அவ வேலைம்மா. பேசித்தானே ஆகணும்" என்றது மாரிச்செல்வத்தின் குரல்.

"வீட்டுலயும் அந்த வேலையத்தான் பாப்பாளோ?"

அந்த நிமிஷம் நான் எழுந்து, "ஐயா, அம்மா, இங்கே பேசினால் அங்கே கேட்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும். வழிகாட்டிக்கு அது கடமை. நான் என்ன செய்தேன்? இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, தலையைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் மூலையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் பாக்கியம் எந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது!

அந்தப் பாக்கியத்தில் ஒரே ஒரு விஷயத்தை மறந்துபோனேன். தினமும் நூறு பிள்ளைகளுக்குச் சொல்கிற விஷயம். அங்கே பேசினால் இங்கே கேட்கும் என்றால், இங்கே பேசினால் அங்கேயும் கேட்கும்.

அத்தை என் காதுக்குள் வாயை வைத்துக்கொண்டு ஆரம்பித்திருந்தாள். "ஏட்டி, மாப்பிள்ளை நல்ல நெறந்தான். நெத்திதான் தென்காசி வரைக்கும் போவுது. போனாப் போவட்டும், எண்ணெய் மிச்சம்." நான் "உம்" கொட்டினேன். "அந்த மாமங்காரன்தான் வில்லங்கம். மீசையும் அவனும். வேலைய விடணும்னு அவன்தான் நிப்பான். நீ ஒண்ணும் பேசாத. விட்டுருவான்னு நான் சொல்லிருதேன். சொன்னா என்ன, வாய்க்கு வாடகையா குடுக்கோம்? தாலி ஏறட்டும். பொறவு நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, உன்னயக் கட்டியா போடப் போறாவ?"

அத்தை சொல்வதில் பாதிதான் என் காதில் ஏறியது. மறுபாதிக் காது மேற்கே இருந்தது. அங்கே மாமா பால்பாண்டி பேச ஆரம்பித்துவிட்டார். அவரும் எழுந்து, பெஞ்சுக்குப் பின்னால் வந்து, குனிந்து, மருமகன் காதுக்குள் வாயை வைத்திருக்க வேண்டும். மீசை உரசுகிற சத்தம்கூட வந்தது.

"ஏ மாப்ள, நான் சொல்லுதத கேளு. இவ வேலைய விட மாட்டா, முழியிலயே தெரியுது. இப்ப நாம என்ன செய்யணும், போகட்டும், தாராளமாப் போகட்டும்னு சொல்லிரணும். தாலி ஏறுன பொறவு கொஞ்ச நாள் விட்டுப் பிடி. பொறவு வீட்டோட இருன்னு சொல்லிரு. யாரு கேக்கப் போறா?"

மாரிச்செல்வம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லுய்யா, ஒரு வார்த்தை சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அரைமணி நேரம் பெல்ட்டைப் பற்றிக் கேட்ட மனுஷன் இதற்கு வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று அப்பாவிடம் தலையாட்டியதெல்லாம் பறந்துபோயிற்று. தட்டைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நான் கேப்பேன்!"

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். முதலில் ஓர் அலறல். "ஆத்தா! நான் கோயில்லதான் வைக்கச் சொன்னேன்! இவிய பேச்சக் கேட்டு வந்துட்டேன் தாயே!" பிறகு 'தொபுக்'கென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். மேற்குப் பெஞ்சுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி எங்கள் சோப்புத் தொட்டி இருக்கிறது. அகலமான தொட்டி, அதில் சோப்புத் தண்ணீர், அதற்குள் ஒரு பெரிய வளையம். நடுவில் இருக்கும் மேடையில் ஏறி நின்று கயிற்றை இழுத்தால் ஆளைச் சுற்றிச் சோப்புக் குமிழி எழும்பும். பிள்ளைகளுக்கு உயிர். மாமா பின்னால் துள்ளிய துள்ளலில் அந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கஞ்சி வேட்டி நனைந்து, மீசையில் நுரை. கையில் கயிறு சிக்கியிருந்தது. விழுந்த வேகத்தில் அதை இழுத்துவிட்டார். ஒரு கணம் அவரைச் சுற்றி வானவில் நிறத்தில் அழகான குமிழி எழும்பி, படாரென்று உடைந்தது. (தொழில்முறையில் சொல்கிறேன், அவ்வளவு பெரிய குமிழி அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை.)

அப்பா ஓடினார். சம்பந்தியாகப் போகிறவர் ஆயிற்றே. கையைக் கொடுத்துத் தூக்கினார். சோப்பு. அப்பாவும் உள்ளே. இரண்டு பேரும் எழுந்திருக்க ஒருவரை ஒருவர் பிடிப்பார்கள், மறுபடி உட்காருவார்கள். சத்தம் கேட்டு இயக்குநர் சார் ஓடிவந்தார். தொட்டிக்குள் இரண்டு ஆட்களைப் பார்த்ததும் அவருக்கும் பழக்கதோஷம். "மேற்பரப்பு இழுவிசை, சார். தண்ணிக்குத் தோல் மாதிரி" என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

எப்படியோ வெளியே எடுத்தோம். மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றார். "அந்தப் பொம்பளக் குரல் யாருது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் முட்டியது. அழுகையோடு என் வாயில் வந்தது, மனப்பாடம் செய்த விளக்கம்தான். "இது... கிசுகிசுத் தட்டு. ஒரு தட்டுக்கு முன்னால் பேசினால்... ஒலி அலைகள்... எதிர்த் தட்டில் குவிந்து..." கடைசியில் "உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"இருக்கு. அப்ப நாங்க பேசுனது பூராவும் கேட்டியா?"

"கேட்டேன்."

அப்போதுதான் மாரிச்செல்வம் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். "நானும் கேட்டேன்மா. எனக்கு நெத்தி தென்காசி வரைக்கும் போவுதாம்."

அத்தை வாசலைத் தேடினாள். வாசலில் நாய் நின்றது.

"மாமா என் காதுல பேசும்போது உங்க அத்தையும் என் காதுலதான் பேசுனாவ" என்றார் மாரிச்செல்வம், என்னைப் பார்த்து. "நான் அத்தையத்தான் கேட்டுட்டு இருந்தேன். மாமா சொன்னது எனக்கு ஏறுததுக்குள்ள கத்துன சத்தம் வந்துட்டு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அவர்கள் வீட்டில் வேலைக்குப் போகட்டும் என்று பொய் சொல்ல இருந்தார்கள். எங்கள் வீட்டில் வேலையை விட்டுவிடுவாள் என்று பொய் சொல்ல இருந்தார்கள். இரண்டு பேரும் அவரவர் பொய்யைச் சொல்லியிருந்தால், ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொடுத்துப் பெரிய சண்டையே வந்திருக்கும்.

அவருடைய அம்மா சிரிக்கவில்லை. எங்கள் அம்மாவிடம் போய்ப் பால்கோவாப் பெட்டியை வாங்கிக்கொண்டார். கொடுத்த பால்கோவாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிற பெண் பார்த்தலை நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்பட்டதில்லை. வேன் கிளம்பியது. மாமா உட்கார்ந்த சீட்டிலிருந்து நுரை வழிந்துகொண்டே போனது.

வீட்டில் இழவு விழுந்ததுபோல் இருந்தது. அப்பா மூன்று தடவை குளித்தார், ஒவ்வொரு தடவையும் நுரை வந்தது. அத்தை மட்டும், "தென்காசின்னு சொன்னது தப்பு, கடையநல்லூரோட நிறுத்தியிருக்கணும்" என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கோ அழுது அழுது முகம் வீங்கிவிட்டது. வேலை இருக்கிறது, சரி. அந்த மனுஷனின் சிரிப்பு காதுக்குள்ளேயே நின்றது. இனி அந்தச் சிரிப்பை எங்கே போய்க் கேட்பேன்?

சாயங்காலம் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"எந்தம்பி வேட்டில இன்னும் நுரை அடங்கல" என்று தொடங்கினார். "எம்மவன் சொல்லுதான், அவிய வீட்டு ரகசியம் பூராவும் கேட்டுட்டேன், இதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்ல, கட்டுனா இந்தப் பிள்ளையத்தான் கட்டுவேங்கான். எனக்கும் யோசனையா இருக்கு. அம்புட்டுப் பேரு இருக்கையில, தன் வேலைக்காகக் கத்துன பிள்ள, நாளைக்கு எம்மவன் கடைக்கு ஒண்ணுன்னா கத்த மாட்டாளா? ஏம்மா செல்வி, இருக்கியா?"

"இருக்கேன் அத்தை."

"வேலைக்குப் போ. இது மூலைல பேசுனது இல்ல, நேராச் சொல்லுதேன். சோறு பொங்கத் தெரியுமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கையை விரித்தார். "தெரியாது அத்தை."

"நல்லது. பொய் சொல்லல." பிறகு பின்னால் திரும்பி, "ஏலே பால்பாண்டி, நீயும் உன் வாயால சொல்லு" என்றார். அப்புறம் தொலைவிலிருந்து ஒரு முனகல் வந்தது. "போகட்டும். போகட்டும்."

கல்யாணம் நடந்தது, பால்கோவாவும் திரும்பி வந்தது. நான் இன்றைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் யாரும் "யாரு கேக்கப் போறா" என்று சொல்லவே முடியாது. கதவைப் பூட்டாமல் போகிற விஷயமாக இருந்தாலும் சரி, மிச்சக் குழம்பை ஊற்றுகிற விஷயமாக இருந்தாலும் சரி, சொன்ன மறுநிமிஷம் என் மகள், என் வீட்டுக்காரர், மாமியார் எல்லோரும் சேர்ந்து, "நான் கேப்பேன்!" என்று அலறுவார்கள். அருங்காட்சியகத்திலும் ஒரு போர்டு வந்துவிட்டது: 'இங்கு திருமணப் பேச்சுவார்த்தை நடத்த அனுமதி இல்லை.' வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு எங்களிடம் காரணம் கேட்பார்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பால்பாண்டி மாமா எனக்கு முறையில் சித்தப்பா ஆனார். ஆனால் மியூசியம் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் மொட்டைமாடியில் டிவி தட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். குடும்பத்தில் எல்லோரும் அவரைக் கேலி செய்து செய்தே ஓய்ந்துபோனோம்.

போன மாதம், ஒரு மத்தியான வேளையில், அவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் ஆச்சரியத்தில் வாயைப் பிளந்தேன். சோப்புத் தொட்டியை விட்டு எட்டிச் சுற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்றார். மீசை நரைத்திருந்தது.

"செல்வி, ஒரு காரியமா வந்தேம்மா. நம்ம கோமதிக்கு ஒரு இடம் வந்திருக்கு."

கோமதி அவருடைய ஒரே மகள். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் பாவாடை சட்டையோடு திரிந்தவள், இப்போது ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள்.

"நல்லதுதானே சித்தப்பா."

"வாரவியளை இங்க வச்சுப் பாக்கச் சொல்லட்டா? உங்க சார்ட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"நீங்களா சொல்லுதீங்க? கோயில்ல வைக்க வேண்டியதுதானே!" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வேலைக்குப் போகட்டும், தாராளமாப் போகட்டும்னுதான் சொல்லுதாவ. எனக்குத் தெரியாதா, அதை எப்படிச் சொல்லுவாவன்னு?" மேற்குச் சுவர்ப் பெஞ்சைப் பார்த்தார். "அவியள அதுல உக்காத்தி வையி. நான் இந்தப் பக்கம் சும்மா இருந்துக்கிடுதேன்."

"சித்தப்பா, ரெண்டு பக்கமும் கேக்கும். நீங்க பேசுறதும் அங்க போயிரும்."

"நான் வாயே தொறக்க மாட்டேன்மா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் கண் ஈரமாகத்தான் இருந்தது. "ராவும் பகலும் படிச்சு வாங்குன வேலை அவளுக்கு. நாளைக்கு அவிய நிப்பாட்டுனா, யாராவது ஒருத்தன் கேக்கணும்லா?"